லிங்கி ஆற்றில் நின்றுபோன எஞ்சின்

நெகிரி செம்பிலானில் பிறந்து வளர்ந்து, போர்ட்டிக்சன் கடற்கரையை மிதிக்காத தோட்டத்துப் பிள்ளை இருக்க முடியாது. பள்ளி விடுமுறை வந்தால் புளிச்சோற்றுப் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டு, தோட்டத்து லாரியில் ஏறிக் கடல் பார்க்கப் போன நாட்களை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். அந்தக் கடற்கரைக்குத் தெற்கே, மலாக்கா எல்லையை ஒட்டி, லிங்கி என்றொரு ஆறு சத்தமில்லாமல் ஓடிக் கடலில் கலக்கிறது. அதை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? நானும் நாற்பது வயதைக் கடந்த பிறகுதான் பார்த்தேன். ஆற்றைப் பார்க்கப் போனவன், ஒரு பாடம் படித்துத் திரும்பினேன். அதை நேயர்களோடு பகிர்ந்து கொள்ளவே இக்கட்டுரை.

என்னை அழைத்தவர் எங்கள் தோட்டத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். நான் அவரை 'அண்ணே' என்பேன். அவருக்கு நான் 'வாத்தியார்'. ஓய்வு பெற்றபின் மகள் குடும்பத்தோடு லிங்கிப் பக்கம் குடிபோய்விட்டார். ஒருநாள் தொலைபேசியில் கூப்பிட்டார். "வாத்தியாரே, லீவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு வாங்க. ஒரு போட் வாங்கியிருக்கேன். அது எனக்குக் கத்துக் கொடுத்ததை நீங்களும் கேட்கணும்" என்றார். குரலில் பெருமையும் இருந்தது; ஏதோ ஒரு வருத்தமும் இருந்தது.

படகு தரையில் போன ஊர்

நான் பாடம் சொல்லிக் கொடுப்பது ஜெம்போல் மாவட்டத்தில். எங்கள் பக்கம் எங்கே பார்த்தாலும் செம்பனையும் ரப்பரும்தான்; கடலுக்கும் எங்களுக்கும் வெகுதூரம். ஆனாலும் படகுக்கும் எங்கள் மண்ணுக்கும் ஓர் ஆச்சரியமான உறவு உண்டு. பஹாவ் வட்டாரத்தில் ஜெம்போல் ஆறு ஒருபுறம் ஓடுகிறது; அது மூவார் ஆற்றில் சேர்ந்து மேற்கே மலாக்கா நீரிணைக்குப் போகிறது. செர்த்திங் ஆறு மறுபுறம் ஓடுகிறது. அதன் தண்ணீர் பகாங் ஆற்றோடு சேர்ந்து கிழக்கே தென்சீனக் கடலுக்குப் போகிறது. ஓரிடத்தில் இந்த இரண்டுக்கும் இடையே இருப்பது சில நூறு மீட்டர் நிலம்தான்.

அந்தக் காலத்து வணிகர்கள் அந்த இடத்தில் படகைக் கரையேற்றி, தரைமீது இழுத்துச் சென்று, அடுத்த ஆற்றில் இறக்கினார்கள். மலாயில் 'தாரேக்' என்றால் இழுப்பது. அதனால்தான் அந்த வழிக்குப் 'பெனாரிக்கான்' என்று பெயர். 1511இல் மலாக்கா போர்த்துகீசியர் கையில் விழுந்தபோது, சுல்தான் மஹ்மூட் ஷா மூவாரிலிருந்து இவ்வழியாகத்தான் பகாங்குக்குச் சென்றார் என்று சொல்லப்படுகிறது. 1613ஆம் ஆண்டைச் சேர்ந்த எரேடியா என்பவரின் வரைபடத்திலும் பெனாரிக்கான் குறிக்கப்பட்டிருக்கிறது.

என் மாணவர்களுக்கு இதைச் சொன்னபோது ஒரு பையன் கேட்டான்: "சார், இழுத்தா போட் ஓட்டையாகிப் போயிடாதா?" நல்ல கேள்வி. ஓட்டை விழத்தான் செய்யும். அப்போது பலகை இடுக்குகளில் மரப்பட்டையோ நாரோ திணித்து, டாமார் என்னும் மரப்பிசினை எண்ணெயோடு காய்ச்சிப் பூசுவார்கள். தமிழகக் கரையிலும் இதே வேலை உண்டு; குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துப் பூசும் அந்த வேலைக்குக் 'கலப்பத்து' என்று பெயர். ஆக, படகு என்று ஒன்று உண்டான நாளிலிருந்தே அதைப் பராமரிக்கும் வேலையும் உண்டு. மரப்படகு பிசின் கேட்டது. இன்றைய படகு எஞ்சினுக்கு எண்ணெய் கேட்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

பொய் சொன்னால் பிடிக்கும் கல்

சனிக்கிழமை விடியற்காலையில் பசியாறிவிட்டு, மனைவி, மகனோடு காரில் புறப்பட்டேன். பஹாவிலிருந்து கோலப் பிலா; அங்கிருந்து புக்கிட் பூத்துஸ் மலை. முன்பு அந்த மலை வளைவுகளில் பஸ் திரும்பும்போது வாந்தி எடுக்காத பிள்ளை அபூர்வம். இப்போது புதிய சாலை போட்டு வளைவுகளைக் குறைத்துவிட்டார்கள். சிரம்பானைத் தாண்டி ரந்தாவ் வழியாகப் போனோம். இருபுறமும் செம்பனை. நடுநடுவே பழைய லயங்கள், சின்னச் சின்ன மாரியம்மன் கோவில்கள், பெயர்ப்பலகை மங்கிய தோட்டங்கள். ஒரு காலத்தில் பிரட்டுக்குக் கூட்டம் கூடிய திடல்களில் இன்று ஆடுகள் மேய்கின்றன. அதைப் பார்த்து மனம் கனத்தது என்றே சொல்ல வேண்டும்.

லிங்கியைத் தாண்டியதும் வருவது பெங்காலான் கெம்பாஸ். 'பெங்காலான்' என்றால் படகுத்துறை. அங்கே சாலையோரம் ஒரு பழைய நினைவிடம் இருக்கிறது. ஷேக் அகமது மஜ்னுன் என்பவருடைய சமாதி என்று அதைச் சொல்கிறார்கள். அங்குள்ள கல்வெட்டு 1467ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஜாவி எழுத்திலும், பழைய காவி எழுத்திலும் பொறிக்கப்பட்டிருக்கிறது. பக்கத்தில் ஆளுயரத்துக்கும் மேலாகச் செதுக்கிய கற்கள் நிற்கின்றன. ஒன்றை வாள் என்றும், ஒன்றை அகப்பை என்றும், ஒன்றைச் சுக்கான் என்றும் மக்கள் அழைக்கிறார்கள். சுக்கான் என்றால் படகைத் திருப்பும் பலகை. ஆற்றங்கரை மக்கள் கல்லைப் பார்த்தாலும் அவர்களுக்குப் படகுதான் தோன்றியிருக்கிறது!

இன்னொரு கல்லில் வட்டமாக ஒரு துளை. அதில் கையை விட்டுச் சத்தியம் செய்ய வேண்டுமாம். பொய் சொன்னால் கல் இறுகிக் கையைப் பிடித்துக் கொள்ளுமாம். என் மகன் பயந்து கையைப் பின்னுக்கு இழுத்துக் கொண்டான். அன்று மாலை அண்ணனின் கதையைக் கேட்டபோது, அவருக்கு எஞ்சின் விற்ற ஆளை இந்தக் கல்லுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தியிருக்கலாமே என்று தோன்றியது.

சேமநிதிப் பணம்

அண்ணன் துறையில் எங்களுக்காகக் காத்திருந்தார். இடுப்பில் கைலி, தலையில் பழைய தொப்பி. பக்கத்தில் பன்னிரண்டு வயதுப் பேரன். நீலநிறம் பூசிய சின்னப் பைபர் படகு ஒன்று தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது. அதன் பின்பலகையில் 15 குதிரைச் சக்தி எஞ்சின் ஒன்று மாட்டியிருந்தது. இப்படிப் பின்னால் மாட்டும் எஞ்சினை மலாய்க்காரர்கள் 'எஞ்சின் சங்குட்', அதாவது மாட்டும் எஞ்சின் என்கிறார்கள். அண்ணியார் வீட்டிலிருந்து கொண்டுவந்த தேநீரையும் வடையையும் வைத்துவிட்டு, "முதல்ல அவரு கதையைச் சொல்லட்டும். இல்லாட்டி அவருக்குத் தேத்தண்ணி இறங்காது" என்று சிரித்தார்.

ஓய்வு பெற்றதும் சேமநிதிப் பணம் கைக்கு வந்தது. மகளுக்கு ஒரு பங்கு, வீட்டுக் கூரைக்கு ஒரு பங்கு. மீதியில் ஒரு படகு வாங்கி, மீன் பிடிக்கலாம், வீட்டுச் செலவுக்கு ஆகும் என்று அண்ணன் நினைத்தார். பழைய படகும் எஞ்சினும் விற்பனைக்கு இருப்பதாக ஒருவர் சொன்னார். போய்ப் பார்த்தபோது, விற்றவர் எஞ்சினை ஒரு மரச்சட்டத்தில் மாட்டி, வெறுந்தரையிலேயே முடுக்கிக் காட்டினாராம். "சிங்கம் மாதிரி உறுமுச்சு வாத்தியாரே! அதைக் கேட்டதும் மயங்கிட்டேன். பணத்தை எண்ணிக் கொடுத்துட்டேன்."

முதல் சில நாட்கள் படகு நன்றாக ஓடியது. எஞ்சினின் பின்புறம் சிறு துளை ஒன்றிலிருந்து தண்ணீர் நூல்போல் பீய்ச்சிக் கொண்டிருந்தது. 'பழைய எஞ்சின்; எங்கேயோ ஒழுகுகிறது' என்று எண்ணிக் கொண்டார். பிறகு அந்தத் தண்ணீர் மெல்லக் குறைந்தது. ஒருநாள் அடியோடு நின்றுவிட்டது. "ஒழுக்கு தானாவே சரியாயிடுச்சுன்னு சந்தோசப்பட்டேன். அன்னைக்கு வீட்டுல பாயசம் வைக்கச் சொன்னேன்னா பாத்துக்குங்க!"

அந்தப் பாயசம் செரிப்பதற்குள் வந்தது விபத்து. பேரனை ஏற்றிக்கொண்டு ஆற்றின் முகத்துவாரம் வரை போயிருக்கிறார். வற்றம் இறங்கும் நேரம். திடீரென்று எஞ்சினிலிருந்து கருகிய வாடை வந்தது, சத்தம் மாறியது, ஒரு முறை முனகிவிட்டு நின்றது. கயிற்றை எத்தனை முறை இழுத்தும் அசையவில்லை. படகில் துடுப்பு இல்லை. நங்கூரம் இருந்தது, கயிறு போதாமல் அது தரையைத் தொடவில்லை. மிதவைச் சட்டை இருவருக்கும் இல்லை. இறங்கும் நீர் படகைக் கடலை நோக்கி இழுத்துக் கொண்டு போனது. இருட்டத் தொடங்கியது. பேரன் அழவில்லையாம், தாத்தாவின் கையை மட்டும் இறுகப் பிடித்துக் கொண்டானாம்.

"காட்டுல பாம்பைப் பாத்திருக்கேன், பன்னியைப் பாத்திருக்கேன், பயந்ததில்லை. அன்னைக்குப் பயந்தேன். எனக்காக இல்லை" என்று அண்ணன் பேரனைப் பார்த்தார். அதற்குமேல் சிறிது நேரம் அவர் பேசவில்லை. பையன் தண்ணீரைப் பார்த்துக் கொண்டிருந்தான்.

நல்ல வேளையாக, வலையெடுத்துத் திரும்பிக் கொண்டிருந்த ஒரு மலாய்க்காரப் பெரியவர் அவர்களைக் கண்டு, தம் படகில் கட்டி இழுத்து வந்து கரை சேர்த்தார். அவரே கம்பத்தில் வீட்டுக்கு அடியில் எஞ்சின் பழுது பார்ப்பவரும் கூட. அண்ணன் அவரைப் 'பக்சிக்' என்கிறார். நாமும் அப்படியே சொல்வோம்.

ஒழுக்கு அல்ல, உயிர்

மறுநாள் பக்சிக் எஞ்சினைப் பிரித்துக் காட்டினார். படகு எஞ்சினுக்கு மோட்டார் சைக்கிளைப் போலக் காற்றுக் குளிர்ச்சி போதாது. கீழே தண்ணீருக்குள் இருக்கும் பகுதியில் ஒரு சின்ன ரப்பர் சக்கரம் சுழல்கிறது. இம்பெல்லர் என்பது அதன் பெயர். அதுதான் ஆற்று நீரை உறிஞ்சி மேலே அனுப்பி எஞ்சினைக் குளிர வைக்கிறது. குளிர வைத்த நீரில் ஒரு சிறு பகுதி அந்தத் துளை வழியே பீய்ச்சி வெளியேறுகிறது. 'நீர் ஓடுகிறது, பயப்படாதே' என்று எஞ்சின் நமக்குக் காட்டும் அடையாளம் அது. மீனவர்கள் வேடிக்கையாக, "எஞ்சின் ஒன்றுக்குப் போகிறதா பார்" என்பார்களாம்.

அந்த ரப்பர் சக்கரத்துக்கு நீர்தான் வழுவழுப்பு. நீர் இல்லாமல் ஓடினால் உராய்ந்து, சூடேறி, சிறிது நேரத்திலேயே அதன் இதழ்கள் கிழிந்துவிடும். விற்றவர் வெறுந்தரையில் முடுக்கிக் காட்டினார் அல்லவா? அந்தச் 'சிங்க உறுமல்' சக்கரத்தைப் பாழாக்கியிருக்க வேண்டும் என்றார் பக்சிக். மிச்சமிருந்த இதழ்களும் போனதும் நீர் நின்றது. பிஸ்டன் சூடேறி விரிந்து, உருளையின் சுவரைக் கீறி இறுகிக் கொண்டது. சிறு ரப்பர் சக்கரத்தோடு போயிருக்க வேண்டிய செலவு, ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் இழுத்துவிட்டது. "ஆயுசு முழுக்க ரப்பரோட வாழ்ந்தவன் வாத்தியாரே. கடைசியில ஒரு ரப்பர்தான் எனக்குப் பாடம் சொல்லுச்சு" என்றார் அண்ணன்.

திரும்பி வந்தபின் பத்து நிமிடம்

பக்சிக் சொல்லிக் கொடுத்ததில் முக்கியமானது இதுதான்: படகைப் பார்க்க வேண்டிய நேரம் புறப்படும்போது மட்டுமல்ல, திரும்பி வந்தபின் பத்து நிமிடம். களைப்பாக இருக்கும், மீனை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகத் தோன்றும். அந்தப் பத்து நிமிடத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம்.

அண்ணன் இப்போது துறையில் பாதியாக வெட்டிய ஒரு பெரிய பீப்பாய் வைத்திருக்கிறார். அதில் நல்ல தண்ணீர் நிரப்பி, எஞ்சினின் கீழ்ப்பகுதியை அதில் இறக்கி, பத்து நிமிடம் மெதுவாக ஓட விடுகிறார். லிங்கியின் முகத்துவாரத்தில் இருப்பது உப்பு நீர். அந்த உப்பு எஞ்சினுக்குள் காய்ந்தால் வெள்ளைக் கட்டியாகி நீர்ப்பாதையை அடைத்துவிடும். நல்ல தண்ணீர் அதைக் கழுவி விடுகிறது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது பீப்பாய்க்குள் கையை விடக்கூடாது, காற்றாடி சுழலும்.

அது ஓடும் நேரத்தில் படகைச் சுற்றி ஒரு பார்வை. எஞ்சினில் துத்தநாகக் கட்டி ஒன்று பொருத்தியிருக்கிறது. இங்கே 'சிங்க்' என்கிறார்கள். உப்பு நீர் உலோகத்தை அரிக்கும்போது முதலில் இந்தக் கட்டியைத்தான் தின்னும். எஞ்சின் தப்பித்துக் கொள்ளும். பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும். அழகுக்காக அதன்மேல் சாயம் பூசிவிட்டால் அது வேலை செய்யாது.

அடுத்து காற்றாடி. எஞ்சினை நிறுத்தி, அவசர நிறுத்தக் கயிற்றைக் கழற்றிய பிறகே அதைத் தொட வேண்டும். ஆற்றில் அறுந்து கிடக்கும் தூண்டில் நரம்பு காற்றாடியின் தண்டில் சுற்றிக்கொண்டு, உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தை அறுத்துவிடும். அந்த வழியாகக் கியர்ப் பெட்டிக்குள் தண்ணீர் போகும். போயிருக்கிறதா என்று கண்டுபிடிப்பது சுலபம்: கியர் எண்ணெயை மாற்றும்போது அது பால்போல வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கிறது. "பால் எப்படி இருக்கும்னு எனக்கா தெரியாது?" என்று அண்ணன் சிரித்தார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அல்லது நூறு மணி நேரம் ஓடியபின் அந்த எண்ணெயை மாற்றுகிறார். வடித்த எண்ணெயை ஆற்றில் ஊற்றுவதில்லை. டின்னில் சேர்த்து பட்டறையில் கொடுத்துவிடுகிறார்.

பெட்ரோல் விஷயத்துக்கும் ஓர் ஒழுங்கு வேண்டும். அவருடையது எண்ணெய் கலந்து ஓடும் எஞ்சின். 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு எண்ணெய். 25 லிட்டர் தொட்டிக்கு அரை லிட்டர். எஞ்சினுக்கு எஞ்சின் இந்த அளவு மாறும். அதனதன் கையேட்டைப் பார்த்தே கலக்க வேண்டும். மோட்டார் சைக்கிள் எண்ணெய் மலிவு என்று ஊற்றக்கூடாது. படகு எஞ்சினுக்கென்று தனி எண்ணெய் இருக்கிறது. பெட்ரோல் தொட்டியைப் படகில் வைத்து நிரப்பாமல், கரையில் இறக்கி வைத்து நிரப்ப வேண்டும். பெட்ரோல் ஆவி கனமானது. படகின் அடியில் தேங்கி நிற்கும். ஒரு சிகரெட் நெருப்பு போதும்.

இன்னொரு சின்ன ரகசியம். புறப்பட்டுச் சில நிமிடத்தில் எஞ்சின் நின்றால் உடனே பிரிக்க வேண்டாம். முதலில் பெட்ரோல் தொட்டி மூடியிலுள்ள காற்றுத் திருகைப் பாருங்கள். அதைத் திறக்க மறந்தால் தொட்டிக்குள் காற்றுப் போகாது; பெட்ரோலும் வராது. அடுத்துப் பார்க்க வேண்டியது பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்பது. அதற்குப் பிறகு பிளக். ஒரு மாற்றுப் பிளக்கும், அதைக் கழற்றும் சாவியும் படகில் எப்போதும் இருக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் சொல்லி முடித்து அண்ணன் சொன்ன வார்த்தைதான் என் மனத்தில் ஆழமாகப் பதிந்தது. "முப்பத்திரண்டு வருசம் உளியைத் தீட்டி வைக்காம ஒருநாள் படுத்ததில்லை வாத்தியாரே. மழுங்கின உளியில வெட்டினா பட்டை காயப்படும், மரம் கெட்டுப்போகும்னு தெரியும். மண்டோர் சொல்லணும்னு இல்லை, கைக்கே தெரியும். இந்த எஞ்சினும் ஒரு உளிதான்னு எனக்குத் தோணாமப் போயிடுச்சு."

பேரனின் நோட்டுப் புத்தகம்

எஞ்சினோடு வந்த கையேடு ஒன்று இருந்திருக்கிறது. ஆங்கிலத்திலும் மலாயிலும் அச்சிட்டது. அண்ணனுக்குத் தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும். அது அலமாரியில் கிடந்தது. விபத்துக்குப் பிறகு ஒருநாள் பேரன் அதை எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் படித்து, தாத்தாவுக்குத் தமிழில் சொல்லியிருக்கிறான். அந்தத் தண்ணீர் ஒழுக்கல்ல, எஞ்சினின் உயிர் என்பது அதிலே படத்தோடு போட்டிருந்ததாம்!

இப்போது அவன் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறான். தேதி, எத்தனை மணி நேரம் ஓடியது, எவ்வளவு பெட்ரோல், எண்ணெய் மாற்றிய நாள், இம்பெல்லர் மாற்றிய நாள் என்று கோடு போட்டு எழுதியிருந்தான். பள்ளியில் கணக்குப் பாடத்தில் பின்தங்கிய பிள்ளை என்று அவன் தாயார் குறைப்பட்டுக் கொண்டார். 25ஐ 50ஆல் வகுத்து அரை லிட்டர் என்று சரியாகக் கலக்கிறவனுக்கா கணக்கு வராது? அவனுக்குக் கணக்கு வரும். அதற்கொரு காரணம் மட்டும் தேவைப்பட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆசிரியர்களாகிய எங்களுக்கும் அதில் ஒரு பாடம் இருக்கிறது.

ஆற்றின் கதை

மாலையில் அண்ணன் எங்களை ஆற்றில் அழைத்துச் சென்றார். ஏறுமுன் எல்லோருக்கும் மிதவைச் சட்டை. என் மகனுக்குப் பெரியவர்களுடையதைப் போடாமல், அவன் அளவுக்குப் பேரனுடைய பழையதைப் போட்டார். பெரிய சட்டையில் பிள்ளை கீழே நழுவிவிடும் என்றார். எஞ்சினோடு சேர்ந்த சிவப்புச் சுருள் கயிற்றைத் தம் மணிக்கட்டில் மாட்டிக் கொண்டார். ஓட்டுபவர் தவறி விழுந்தால் அந்தக் கயிறு இழுபட்டு எஞ்சின் நின்றுவிடும். துடுப்பு இரண்டு, நீண்ட நங்கூரக் கயிறு, தண்ணீர் இறைக்க ஒரு பிளாஸ்டிக் டப்பா. எஞ்சின் முடுக்கியதும் எல்லோரும் ஒன்றுபோலத் திரும்பிப் பார்த்தோம். தண்ணீர் பீய்ச்சியது!

இரு கரையிலும் பாக்காவ் மரங்கள் வேரூன்றி நிற்கின்றன. இடையிடையே நீப்பா ஓலைகள். சேற்றில் ஒரு முதலை மரக்கட்டைபோலக் கிடந்தது. லிங்கியில் உவர்நீர் முதலைகள் வாழ்கின்றன. அவற்றையும், இரவில் மரங்களில் கண்சிமிட்டும் மின்மினிகளையும் பார்க்கப் பயணிகள் படகில் வருகிறார்கள். அந்த முதலையைக் கண்டதும், இருட்டில் எஞ்சின் நின்ற படகில் தாத்தாவும் பேரனும் உட்கார்ந்திருந்த காட்சி என் கண்முன் வந்தது. உடம்பு சிலிர்த்தது.

அமைதியாக இருக்கும் இந்த ஆறு ஒரு காலத்தில் பெரும் வியாபாரப் பாதை. இன்றைய சிரம்பான் வட்டாரம் அப்போது சுங்கை ஊஜோங். அங்குள்ள லம்பங்களில் தோண்டிய ஈயம் படகேறி லிங்கி வழியாகவே கடலுக்குப் போனது. கரையோரத் தலைவர்கள் ஆங்காங்கே படகை மறித்து வரி வாங்கினார்கள். அதனால் சண்டைகள் மூண்டன. ஆற்றுவழியைத் திறந்து வைப்பதாக 1874இல் சுங்கை ஊஜோங்கின் டத்தோ கிளானா பிரிட்டிஷாரோடு ஓர் ஒப்பந்தம் செய்தார். பிரிட்டிஷார் உள்ளே நுழைந்தது இப்படித்தான். 1891இல் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் ரயில் ஓடத் தொடங்கியது. ஈயம் ரயிலேறியது, ஆறு ஓய்வு பெற்றது.

நம் முன்னோர் ஊரிலும் இப்படி ஒரு கதை உண்டு. சென்னைக்கு வடக்கும் தெற்குமாகக் கடலை ஒட்டியே ஓடும் பக்கிங்ஹாம் கால்வாய் 1806இல் தொடங்கப்பட்டது. 1877-78இல் தாது வருஷப் பஞ்சத்தின்போது, பசித்து வந்த மக்களுக்குக் கூலி கொடுத்து அதன் பகுதிகளை இணைத்தார்கள். அந்தப் பஞ்சத்துக்குத் தப்பியவர்களில் எத்தனையோ பேர் கடல் கடந்து தோட்டங்களுக்கு வந்தார்கள். அந்தக் கால்வாயில் உப்பும் விறகும் ஏற்றிய படகுகளை ஆட்கள் கழி ஊன்றியும், கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்தும் கொண்டு போனார்கள். 1965, 1966 ஆண்டுகளின் புயல்கள் அதைச் சிதைத்தன. பிறகு வண்டல் தூர்ந்து, பட்டணத்துக் கழிவு சேர்ந்து, பெரும்பகுதியில் படகுப் போக்குவரத்தே நின்றுபோனது. எஞ்சினைப் போலத்தான் கால்வாயும். கவனிப்பாரில்லை என்றால் உள்ளுக்குள்ளே அடைத்துக் கொள்ளும்.

வாங்கும் முன் ஒரு வார்த்தை

தோட்டத்தை விட்டுப் போகும் நம்மவர்கள் கையில் ஒரு தொகை வருகிறது. சிலர் வேன் வாங்குகிறார்கள், சிலர் புல்வெட்டும் இயந்திரம், சிலர் அண்ணனைப் போலப் படகு. எதுவானாலும் சத்தத்தைக் கேட்டு வாங்காதீர்கள். படகு எஞ்சின் என்றால் தண்ணீரில் இறக்கி, கால் மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள். தண்ணீர் பீய்ச்சுகிறதா என்று பாருங்கள். கியர் எண்ணெயைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். பின்பலகையை ஒரு நாணயத்தால் தட்டிப் பாருங்கள். 'டக் டக்' என்று கெட்டியாகக் கேட்காமல் மந்தமாகக் கேட்டால், உள்ளே மரம் ஈரத்தில் உளுத்திருக்கலாம். தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். பதிவு, உரிமம் பற்றிக் கடல்துறை, மீன்வளத்துறை அலுவலகங்களில் முன்கூட்டியே விசாரியுங்கள். விலையில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வையுங்கள்: மிதவைச் சட்டை, துடுப்பு, கயிறு, மாற்றுப் பிளக், புதிய இம்பெல்லர். இவை இல்லாத படகு பாதிப் படகுதான்.

கையேடு எந்த மொழியில் இருந்தாலும் அலமாரியில் போட்டுவிடாதீர்கள். வீட்டில் படிக்கிற பிள்ளை இருக்கிறது. அதைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். பிள்ளைகள் நமக்குச் சொல்லிக் கொடுப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

நாங்கள் துறைக்குத் திரும்பியபோது பொழுது சாய்ந்துவிட்டது. பசி வேறு. "விடுங்கண்ணே, நாளைக்குக் கழுவிக்கலாம்" என்றேன், வாய் தவறி. அண்ணன் ஒன்றும் சொல்லாமல் பேரனைப் பார்த்தார். பையன் ஏற்கெனவே பீப்பாயில் தண்ணீர் நிரப்பத் தொடங்கியிருந்தான். பத்து நிமிடம் எல்லோரும் நின்றோம். எஞ்சின் ஓய்ந்தது. பையன் நோட்டைத் திறந்து, விளக்கு வெளிச்சத்தில் தேதியைப் போட்டு எழுதினான்: 'ஒன்றே கால் மணி நேரம். தண்ணீர் நன்றாக வந்தது.'

பிறகுதான் சாப்பிடப் போனோம்.